மனு பார்க்க வந்தவளின் குற்றம்

லஞ்சம் வாங்குவது குற்றம், கொடுப்பதும் குற்றம். அரசு அலுவலகச் சுவர்களில் நெடுங்காலமாக எழுதியிருக்கும் இந்த வாசகத்தின் பின்பாதிக்கு 2018இல்தான் சட்டத்தில் முழு வலு வந்தது. அதற்கு முன்பு லஞ்சம் கொடுத்தவர் உடந்தை என்ற வகையில்தான் சிக்குவார். வாங்கியவருக்கு எதிராக அவர் சாட்சி சொன்னால், அந்த வாக்குமூலத்துக்காக அவர் மீதே வழக்குப் பாயாது என்ற பாதுகாப்பு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, லஞ்சம் கொடுப்பதை ஏழாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய தனிக் குற்றமாக்கியது. வேறு வழியில்லாமல் கொடுத்தவருக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: கொடுத்த ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும்.

பட்டா மாறுதலுக்காகப் பணம் கேட்கப்படும் விவசாயியை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் பெரிய குறை சொல்ல முடியாது. அவர் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். ரசாயனம் தடவிய நோட்டுகளோடு திரும்பி வரலாம். கேட்டவர் கையும் களவுமாகப் பிடிபடலாம். மிஞ்சிப்போனால் பட்டா ஆறு மாதம் தள்ளிப்போகும். இதே விதியை ஒரு மத்திய சிறையின் வாசலுக்கு எடுத்துச் சென்றால்தான் கோளாறு தெரிகிறது. உள்ளே இருக்கும் மகனை மனு பார்க்க, அதாவது மனு கொடுத்துச் சந்திக்க, ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வேளைக்கு மருந்து கிடைக்கவும், கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்கவும், மேலே கை படாமல் இருக்கவும் இன்னாரைக் கவனிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லப்படுகிறது. கடன் வாங்கியாவது கவனிக்கிறாள். ஏழு நாளுக்குள் அவள் புகார் கொடுத்தால் அன்றிரவு அதன் விளைவை அனுபவிப்பவன் யார்? அவள் யார் மேல் புகார் கொடுத்தாளோ அவருடைய சாவிக்கொத்துக்குள் இருக்கும் அவள் மகன்.

அவள் கொடுத்தது குற்றமா என்பதுதான் கேள்வி. சட்டத்தின் விடை தெரிந்ததே. அறத்தின் விடை அவ்வளவு எளிதில் வராது, இரண்டு பக்கமும்.

அவள் பக்கத்து நியாயத்தை முதலில் பார்க்கலாம். ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு கேட்பவனுக்குப் பணம் கொடுத்து மகனை மீட்ட தகப்பனை நம் ஊரில் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அரசு ஒருவனைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறது. அவன் தானாகச் சமைக்க முடியாது, மருத்துவரைத் தேடிப் போக முடியாது, பக்கத்தில் படுப்பவன் பிடிக்கவில்லை என்று எழுந்து வேறிடம் போக முடியாது. தன் தேவையைத் தானே தீர்த்துக்கொள்ளும் வழி முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டதால் அவனுடைய சோறும் மருந்தும் பாதுகாப்பும் அரசின் கடனாகிவிட்டன. அந்தக் கடனைத் தீர்க்க அரசின் ஆளே பணம் கேட்டால் அதற்கும் கடத்தல்காரன் கேட்பதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. இங்கே கேட்பவர் சீருடை போட்டிருக்கிறார் என்பதைத் தவிர.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. நம்முடைய சிறை அமைப்பை வடிவமைத்த இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதுதான் சட்டபூர்வமான நடைமுறை. லண்டன் ஃப்ளீட் சிறையின் காப்பாளர் பதவியை ஜான் ஹக்கின்ஸ் என்பவர் 5,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1728இல் தாமஸ் பாம்பிரிட்ஜுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் விற்றார். போட்ட முதலை எங்கிருந்து எடுப்பது? கைதிகளிடமிருந்துதான். அறைக்குக் கட்டணம், விலங்கைக் கழற்றக் கட்டணம், விடுதலையாகி வெளியே போகக் கட்டணம். கடனுக்காக அங்கே அடைபட்ட ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞரால் பாம்பிரிட்ஜ் கேட்டதைக் கொடுக்க முடியவில்லை. பெரியம்மை பரவியிருந்த வீட்டில் அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள், அங்கேயே இறந்தார். அவருடைய நண்பரான ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1729இல் விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று ஃப்ளீட் சிறையின் கதையை வெளியே கொண்டுவந்தார். கொலை வழக்கில் பாம்பிரிட்ஜ் விடுதலை ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1773இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீஃப் ஆன ஜான் ஹோவர்ட் கண்டது இன்னும் விசித்திரம்: நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தவர்களும் காப்பாளரின் கட்டணத்தைச் செலுத்த வழியில்லாமல் உள்ளேயே கிடந்தார்கள். காப்பாளருக்குச் சம்பளமே இல்லை, அதனால்தான் கட்டணம். சம்பளம் கொடுங்கள் என்றார் ஹோவர்ட். வேறெங்காவது இந்த வழக்கம் உண்டா, முன்னுதாரணம் காட்டுங்கள் என்றார்கள் மாவட்டத்து நீதிபதிகள். முன்னுதாரணம் தேடிக் குதிரையில் புறப்பட்டவர்தான் ஐரோப்பாவின் சிறைகளையெல்லாம் பார்த்து 1777இல் தம் புகழ்பெற்ற நூலை எழுதினார்.

அந்தச் சீர்திருத்தத்தின் பிள்ளைதான் நம்முடைய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். சிறை அலுவலர் எவரும் கைதிக்கு எதையும் விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, நேரடியாகவோ மறைமுகமாகவோ கைதியோடு பணக் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, பிரிட்டிஷ் ஆட்சியாளர்களுக்கே தெரிந்திருந்த ஒன்று இது: பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கும் எந்த வியாபாரத்திலும் வாங்குபவருக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மறந்துவிட்டது.

இனி அவளுக்கு எதிரான நியாயம். இது பலவீனமானது என்று எண்ணிவிடக் கூடாது.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இவ்வளவு நெரிசலில் ஒருவனுக்குச் சுவரோரம் இடம் வாங்கிக் கொடுத்தால் இன்னொருவன் கழிப்பறை ஓரத்துக்கு நகர்கிறான். மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் காவலர்கள் நான்கு பேர்தான் அன்று இருக்கிறார்கள் என்றால், பணம் கொடுத்தவன் வண்டியில் ஏறும்போது காய்ச்சலோடு இருக்கும் வேறொருவன் இறங்குகிறான். அந்த வேறொருவனுக்கு மனு பார்க்க யாரும் வருவதில்லை. வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து சிக்கியவனாக இருக்கலாம், வீட்டார் கைவிட்டவனாக இருக்கலாம். தாய் கொடுத்த பணத்தின் சுமை கடைசியில் அவன் முதுகில்தான் இறங்குகிறது. அவள் அவனைப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு ஆறுதல் தரலாம், அவனுக்குத் தராது.

இதைவிட முக்கியமான இன்னொரு தடையும் உண்டு. தாய்க்குக் கொடுக்கும் மன்னிப்பு வழியாகப் பணக்காரக் கைதியும் நுழைந்துவிடுவான். கொலை வழக்கில் விசாரணைக் கைதியாகப் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்த கன்னட நடிகர் தர்ஷன், நாற்காலியில் சாய்ந்து, கையில் சிகரெட்டும் கோப்பையுமாகக் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்த படம் 2024 ஆகஸ்டில் ஊரெல்லாம் சுற்றியது. சிறை அலுவலர்கள் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் பல்லாரிச் சிறைக்கு மாற்றப்பட்டார். அதே சிறையில் வி.கே. சசிகலாவுக்குத் தனிச் சலுகைகள் தரப்படுவதாக 2017இல் அப்போதைய சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா அறிக்கை கொடுத்தார். சில நாளில் அவர் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். சலுகைகள் இருந்தது உண்மைதான் என்று பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு சொன்னது. சிறைக்குள் இப்படித் தனி உலகம் கேட்பவர்களும் 'வேறு வழியில்லை' என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

இரண்டையும் பிரிக்கும் கோடு இல்லாமல் இல்லை. சட்டம் தனக்குத் தர வேண்டியதைப் பெறுவதற்காகக் கொடுத்தவர் ஒரு பக்கம். சட்டம் யாருக்கும் தராததைப் பெறுவதற்காகக் கொடுத்தவர் மறுபக்கம். மருந்தும் சோறும் பார்வை நேரமும் முதல் வகை. கைப்பேசியும் கஞ்சாவும் தனிச் சமையலும் இரண்டாம் வகை. கௌசிக் பாசு மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த 2011இல், உரிமையுள்ளதைத் தருவதற்கே கேட்கப்படும் லஞ்சத்தைக் கொடுப்பவர் மீது குற்றம் இருக்கக் கூடாது என்று எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. கொடுப்பவனுக்கும் வெட்கம் போய்விடும் என்றார்கள் எதிர்த்தவர்கள். தாலுகா அலுவலகத்துக்கு அந்த அச்சம் பொருந்தலாம். சிறை வாசலில் நிற்பவளிடம் வெட்கத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகம்.

இடம் இழந்த அந்த மூன்றாமவன் விஷயத்தில் அவளுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்தப் பங்கை அளப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். நூறு பேர் இடத்தில் 131 பேரை அடைத்துவிட்டு, அங்கே நடக்கும் இடப்பறிப்புக்குத் தாயைப் பொறுப்பாக்கும் அரசின் தராசை நம்ப முடியாது. அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். இவர்களில் எத்தனை பேர் உள்ளே இருக்கத்தான் வேண்டும்? 1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் தன் மூன்றாம் அறிக்கையில் இதற்கு விடை கூறியது: கைதுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை, சிறைச் செலவில் 43.2 சதவீதம் அப்படிப்பட்டவர்களுக்காகப் போகிறது, காவல் துறை ஊழலின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று கைது செய்யும் அதிகாரமே. உச்ச நீதிமன்றம் 1994இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் இதை எடுத்துக்காட்டியது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்மூடித்தனமாகக் கைது செய்யாதீர்கள் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் மறுபடி சொன்னது. பேரம் சிறையில் தொடங்குவதில்லை. 'ரிமாண்ட் பண்ணாமல் அனுப்பணும்னா...' என்று ஸ்டேஷன் ரைட்டரின் மேசையருகே இழுக்கப்படும் வாக்கியத்தில் தொடங்குகிறது. அங்கே கொடுக்க முடியாமல் போனவர்தான் பிறகு சிறை வாசலில் கொடுக்கிறார்.

பணத்தை வாங்கும் வார்டரைப் பற்றி என்ன சொல்வது? சம்பளம் போதவில்லை என்ற பழைய சமாதானம் ஹோவர்ட் காலத்துக்குப் பொருந்தும், இன்று பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணிக்கு 18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் ஊதிய விகிதம் உண்டு, படிகள் தனி. அந்த வேலைக்காகத் தேர்வெழுதும் இளைஞர்களின் கூட்டத்தைப் பார்த்தால் அது பட்டினிச் சம்பளம் இல்லை என்பது புரியும். ஏழ்மையைக் காட்டி அவரை விடுவிக்க முடியாது. ஆனால் அவருடைய பழியில் ஒரு பெரும் பகுதி மேலே போக வேண்டியது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. மனுதாரர் வேலூர் மத்திய சிறையில் இருந்த ஓர் ஆயுள் தண்டனைக் கைதியின் தாய். தன் மகனைச் சிறைத்துறை டி.ஐ.ஜி.யின் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள், அங்கே பணம் திருடியதாகச் சொல்லி அடித்தார்கள், தனிச் சிறையில் பூட்டினார்கள் என்பது அவருடைய புகார். நீதிமன்றம் வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரை விசாரிக்கச் சொன்னது. அவருடைய அறிக்கைக்குப் பின் சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது, டி.ஐ.ஜி. உட்பட 14 பேர் மீது குற்றச்சாட்டு. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு அரசு 1979லேயே ஒழித்துவிட்டது, காகிதத்தில். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காவல் அதிகாரிகளின் வீடுகளில் இருக்கும் ஆர்டர்லிகளை நான்கு மாதத்துக்குள் விலக்கச் சொல்லி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சீருடை அணிந்த ஒருவரை வீட்டுக்குக் காய்கறி வாங்க அனுப்பும் மேலதிகாரி, அரசின் சம்பளத்தைத் தன் பைக்குத் திருப்பிக்கொள்கிறார். ரூபாய் நோட்டு கை மாறாததால் அதற்கு லஞ்சம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனப் பொடியோடு அந்த வீட்டுக்குப் போவதும் இல்லை. அதைத் தினமும் பார்க்கும் வார்டர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவருக்குக் கீழே இருப்பவன் கைதி மட்டுமே.

எனவே களையெடுப்பு கீழிருந்து தொடங்கினால் அது நாடகம். வாசல் வார்டரைப் பிடித்துப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது எளிது. மறுநாள் அந்த வாசலில் வேறொருவர் நிற்பார்.

மேலிருந்து தொடங்கிய ஊர் ஒன்று உண்டு. 1973இல் ஹாங்காங் காவல் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் பீட்டர் காட்பரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத சொத்து இருப்பது தெரியவந்தது. விசாரித்தது காவல் துறையின் சொந்த ஊழல் தடுப்புப் பிரிவு. விளக்கம் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். ஜூன் 8ஆம் தேதி அவர் தம் காவல் துறை அனுமதி அட்டையைக் காட்டி விமானத்தில் ஏறி, சிங்கப்பூர் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரி 15இல் ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும் தனி ஊழல் தடுப்பு ஆணையம் அமைந்தது. காட்பர் 1975இல் திருப்பிக் கொண்டுவரப்பட்டு நான்காண்டு சிறை பெற்றார். காவலரின் ஊழலைக் காவலரே விசாரிப்பது அங்கே அதோடு முடிந்தது. தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை எனப்படும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964இல் தொடங்கியது. அதன் புலனாய்வாளர்கள் இன்றும் காவல் துறையிலிருந்து வந்து, பிறகு அங்கேயே திரும்பிப் போகிறவர்கள்.

ஹாங்காங் கதையில் பெருமையாகச் சொல்லப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஆணையம் கீழ்மட்டம் வரை தோண்டத் தொடங்கியதும் 1977 அக்டோபர் 28இல் காவலர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஒரு கும்பல் ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து அதிகாரிகளைத் தாக்கியது. எட்டு நாள் கழித்து ஆளுநர் மக்லிஹோஸ் பணிந்தார். 1977 ஜனவரி 1க்கு முந்தைய ஊழல்களுக்கு, ஏற்கெனவே விசாரணையில் சிக்கியவர்களையும் நாட்டைவிட்டு ஓடியவர்களையும் தவிர மற்றவர்களுக்கு, மன்னிப்பு. எத்தனையோ விசாரணைகள் பாதியில் நின்றன. நடைபாதை வியாபாரிகளிடம் ஆண்டாண்டாக மாமூல் வாங்கியவர்கள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அது அநீதி என்பதில் சந்தேகம் இல்லை. ஆயினும் ஆணையம் பிழைத்தது, படை கலையவில்லை, அடுத்த தலைமுறைக் காவலர்கள் வேறு மாதிரி வளர்ந்தார்கள். கலகம் செய்த காவலர்களுக்கே பழைய கணக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்று ஓர் அரசு முடிவெடுக்க முடியுமானால், மகனைக் காப்பாற்றக் கொடுத்தவளை மன்னிப்பதில் எந்தச் சட்ட ஒழுங்கு குலைந்துவிடப்போகிறது?

அவளை மன்னிப்பது கருணைக்காக மட்டும் தேவைப்படவில்லை. சிறைக்குள் நடப்பதற்கு அவள்தான் சாட்சி. வேறு கண்கள் அங்கே இருக்கின்றனவா என்றால், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 19இல் கைதான தந்தையும் மகனும் மருத்துவர், நடுவர், கிளைச் சிறை என்று சட்டம் வைத்த எல்லா வாசல்களையும் காயங்களோடு கடந்தார்கள். 22, 23ஆம் தேதிகளில் இறந்தார்கள். காவல் நிலையக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நடுவர் தெரிவித்தார். நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. கேமராப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் கேமரா பார்க்காத மூலைகள் எல்லாச் சிறைகளிலும் உண்டு. அங்கே நடப்பது வெளியே வருவது வாய்ச்சொல்லாகத்தான், மனு பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில். அதைக் கேட்டுக்கொண்டு வருபவளின் தலைமேல் ஏழாண்டுச் சிறையைத் தொங்கவிட்டால் அவள் வாய் திறப்பாளா?

கொடுப்பதைக் குற்றமாக்கும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். காவலில் இருப்பவரோ அவர் குடும்பத்தாரோ உரிமையுள்ள ஒன்றுக்காகக் கொடுத்திருந்தால் அவர்கள் மீது குற்றம் இல்லை என்று எழுத வேண்டும். அது முடியாதென்றால் அந்த ஏழு நாளை விடுதலையான தேதியிலிருந்தாவது எண்ண வேண்டும். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தின் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவை, கைதி கேட்கும் வரை காத்திராமல் சிறைக் கண்காணிப்பாளர்களே செயல்படுத்த வேண்டும். சட்டம் அந்தப் பொறுப்பை அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் காவல் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் இருக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு நேர் எதிர் இது. அந்த நாற்காலிகளிலிருந்து இருவரும் எழுந்து, சிறைக்கும் சேர்த்து ஒரு சுதந்திரமான ஆணையம் வரும் நாளில், ஏன் கொடுத்தாய் என்று அந்தத் தாயிடம் அரசு கேட்கலாம். இன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி அதற்கு இல்லை.